நாலு பரப்புக் கடல்

கையெழுத்துப் போட்டு வாங்கிய மூட்டையைக் கமலாதேவி அவிழ்த்தபோது உள்ளே விதைவெங்காயம் இருக்கவில்லை. வலை இருந்தது. மீன் பிடிக்கிற வலை.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா இதில வாங்கோ."

மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த அரியநாயகம் நனைந்த கையோடு வந்தார். வலையைப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"நல்ல நைலோன்," என்றார்.

"வலை எப்பிடியெண்டே நான் உங்களைக் கேட்டனான்?"

"வேற என்னத்தைக் கேட்டனீர்?"

வலையோடு ஒரு தாளும் வந்திருந்தது. கொம்பியூட்டரில் அடித்த தாள். அரியநாயகம் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாசித்தார். பெயர்: அரியநாயகம் கமலாதேவி. தொழில்: கடற்றொழில். காணியின் பரப்பளவு: நாலு பரப்பு. காணியின் அமைவிடம்: கடல்.

"நாலு பரப்புக் கடல்," என்றார் அவர். "ஒருவிதத்தில நல்லதுதான். வேலி அடைக்கிற வேலை மிச்சம்."

கமலாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்து நாற்பத்தொன்பது வருடத்தில் அவள் மீன் தொட்டதில்லை. மீன்காரனுடைய சைக்கிள் அவள் படலையைத் தாண்டும்போது மட்டும் மணி அடிக்காமல் போகும். அது இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு ஐப்பசி. மழைக்கு முன்னர் பாத்தி கட்ட வேண்டிய நாள்.

வேலணையில் அவர்களுடைய தோட்டக்காணி வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. சண்டையால் வந்த இடப்பெயர்வு முடிந்து தொண்ணூற்றேழில் திரும்பி வந்தபோது அது நாயுண்ணியும் எருக்கலையுமாகக் கிடந்தது. புருசனும் பெண்சாதியுமாக ஏழு மாதம் வெட்டினார்கள். கிணற்றுக்குள்ளிருந்து கல், தகரம், ஒரு தையல் மெசினின் கால் எல்லாம் எடுத்தார்கள். அதன் பிறகு ஊறிய தண்ணீர் இனித்தது. வீட்டுக் கிணறு உவர், பக்கத்து வீட்டுக் கிணறு உவர், சுற்றவர எல்லாம் உவர். அந்தத் தோட்டக் கிணறு மட்டும் ஏனோ நல்ல தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் அவர்களுடைய வெங்காயம் விளைந்தது, தேத்தண்ணியும் கொதித்தது.

இப்போது அது கடலாம்.

தீவுப்பகுதி விவசாயிகளையெல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றுவதற்கு வெளிநாட்டுக் காசில் ஒரு திட்டம் வந்திருந்தது. ஆர் என்ன நட்டிருக்கிறார், எப்போது கிண்டுவார், எவ்வளவு வரும் என்பதெல்லாம் அதற்குத் தெரியுமாம். பதிந்தவர்களுக்கு விதைவெங்காயமும் தருவார்களாம். கொழும்பு யாவாரிகள் அதைப் பார்த்துவிட்டு நேரே தோட்டத்து வாசலுக்கு லொறி அனுப்புவார்களாம். கூட்டத்தில் இதைச் சொன்னபோது முதலில் கைதட்டியவள் கமலாதேவி.

மறுநாள் காலையே தாளை எடுத்துக்கொண்டு சந்தியில் இருந்த திட்டக் கந்தோருக்குப் போனாள். அங்கே கொம்பியூட்டருக்கு முன்னால் றொஷானி இருந்தாள். ஊர்காவற்றுறைப் பிள்ளை, கடற்றொழிற் குடும்பம். யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வந்து பத்து விரலாலும் தட்டுவாள். கமலாதேவிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

"பிள்ளை, என்ரை காணி எங்கை இருக்குது?"

றொஷானி கொம்பியூட்டர்ப் பெட்டியை அவள் பக்கம் திருப்பினாள். "பச்சையா இருக்கிறது நிலம் அக்கா. நீலம் கடல்."

"என்ரை காணி?"

றொஷானியின் விரல் பச்சையைத் தாண்டிக் கரையையும் தாண்டி, நீலத்துக்குள் தனியே நின்ற ஒரு புள்ளியைத் தொட்டது.

"அதுக்குள்ள ஆர் கொண்டுபோய் வைச்சது?"

"எண் அப்பிடி விழுந்திருக்கு."

"எடுத்து இஞ்சால வையும்."

"ஏலாது அக்கா."

"ஏன் ஏலாது? விரலால தள்ளினா வராதே?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். றொஷானி குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, கடலெண்டு கிடந்தா உங்களுக்கென்ன? அதுக்காக வெங்காயம் முளைக்காம விடப்போகுதே? பேசாம இருங்கோ."

"என்ன பேசாம இருக்கிறது? ஏழு மாசம் வெட்டித் துப்புரவாக்கின காணி. நீர் கதிரையில இருந்துகொண்டே அதைத் தண்ணிக்குள்ள தாட்டுப்போட்டு என்னைப் பேசாம இருக்கச் சொல்லுறீர்."

"ஒருக்கா வெளியில வாறீங்களே? ஒரு கதை சொல்ல வேணும்."

"சொல்லுறதை இதில நிண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லும்! நான் களவெடுத்தனானே வெளியில நிண்டு குசுகுசுக்க?"

றொஷானி வரிசையை ஒருமுறை பார்த்தாள். பெட்டியைப் பழையபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப விதானையாரிட்டைக் கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ," என்றாள்.

கிராம சேவகரான விதானையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இரண்டுதரம் வாசித்தார்.

"காணியெண்டு எழுதித் தரலாம். ஆனா கடலில்லையெண்டு எழுத எனக்கு அதிகாரமில்லை. கடல் என்ரை பிரிவுக்கை வராது."

"அப்ப ஆரிட்டைப் போறது?"

"கடற்றொழிலாளர் சங்கத்திலை ஒரு கடிதம் வாங்கும். அதைப் பார்த்து நான் எழுதுறன்."

சங்கத் தலைவர் பஸ்ரியாம்பிள்ளை சுருவில் கிராமத்துக் கரையில் வள்ளத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். கமலாதேவி மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு விசயத்தைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. பேனை வாங்கி, வள்ளத்து விளிம்பில் தாளை வைத்து, மிகவும் கவனமாக எழுதினார்.

"மேற்படி காணியில் நானோ எமது சங்கத்தவரோ எக்காலத்திலும் தொழில் செய்ததில்லை. அங்கு மீன் படுவதுமில்லை."

"காணுமே தங்கச்சி?"

"காணும் அண்ணை. உங்களுக்கு நான் ஒண்டும் தரேல்லை. வீட்டை ஒரு வலை கிடக்குது..."

"அதை நான் வந்து எடுக்கிறன்," என்றார் பஸ்ரியாம்பிள்ளை உடனே.

இரண்டு கடிதங்களையும் றொஷானி வாங்கி வாசித்தாள். நீண்ட நேரம் தட்டினாள். "அனுப்பியிருக்கு அக்கா. பார்ப்பம்," என்றாள். கொம்பியூட்டரில் ஏறியது இவ்வளவுதான்: தொழில், கடற்றொழில். நிலை, மீன் படுவதில்லை.

மார்கழியில் கடல் எழும்பி வந்தது. வடமராட்சிக் கிழக்குக் கரையை அப்படியே வழித்துக்கொண்டு போனது. தீவுப்பக்கம் அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் தை மாதம் கமலாதேவியின் படலையில் ஒரு வான் வந்து நின்றது. ஒரு கூடாரத்தை இறக்கினார்கள். கூடாரத்துக்குப் பின்னால், கையில் கோப்போடு, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் இறங்கினாள்.

"இருங்கோ அம்மா," என்று கமலாதேவியின் வீட்டில் கமலாதேவிக்கே கதிரை போட்டாள். "மனசிலை இருக்கிறதைக் கொட்டுங்கோ. அழுகை வந்தா அழுங்கோ. அடக்கக் கூடாது."

"எனக்கேன் அழுகை வருது?"

"உங்கட காணி முழுக்கக் கடலுக்கை போட்டுதெண்டு இந்தக் கோப்பிலை இருக்குது."

"அது கடல் வாறதுக்கு முந்தியே கடலுக்கைதான் இருந்தது!"

அந்தப் பெண் கமலாதேவியின் கையை எடுத்து மெல்லத் தடவினாள். "இப்பிடித்தான் எல்லாரும் முதலிலை கதைப்பினம்."

கமலாதேவி எழும்பிவிட்டாள். அவளுக்கு உண்மையாகவே கண் கலங்கியது, வெட்கத்தில். "உடுத்துறையிலை சனம் படுக்கப் பாயில்லாமக் கிடக்குதெண்டு றேடியோ சொல்லுது. அங்கை கொண்டுபோங்கோ. எனக்கு இது பாவம்."

வான் சாரதி குழம்பிப்போனான். அவனுடைய தாளில் இரண்டு பெட்டிகள்தான் இருந்தன. ஒன்று, பெற்றுக்கொண்டார். மற்றது, ஆள் இல்லை. அவன் இரண்டாவதில் சரி போட்டுவிட்டுக் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு போனான்.

அடுத்த கிழமை சந்தியில் ஒட்டியிருந்த பட்டியலில் அவளுடைய பெயர் இருந்தது. கடலில் காணாமற்போனோர், இலக்கம் பதினாறு.

மத்தியானத்துக்குள் நாலைந்து பேர் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அரியநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். தட்டத்தில் தேத்தண்ணி வந்தது. கொண்டுவந்தவள் கமலாதேவி.

ஒரு கிழவர் தேத்தண்ணியை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு அவளிடமே கேட்டார். "எப்ப பிள்ளை நடந்தது?"

அன்று பின்னேரம் அவள் கந்தோருக்கு நடந்த நடையில் செருப்பு வார் அறுந்தது. றொஷானி பட்டியலைப் பார்த்ததும் முகம் வெளுத்தாள். மன்னிப்புக் கேட்டாள். இரண்டு நிமிடத்தில் பெயரை எடுத்துவிட்டுப் புதுத் தாள் அடித்துக் கொடுத்தாள்.

"ஆளைக் கடலிலை இருந்து தூக்க இரண்டு நிமிசம்," என்றாள் கமலாதேவி. "காணியைத் தூக்க ஏலாதோ?"

"காணி பாரம் அக்கா."

"பகிடி விடுறீரோ?"

"இல்லை. கெஞ்சிக் கேக்கிறன். காணி அங்கையே கிடக்கட்டும். நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

"நீர் வேலைக்குக் கள்ளம். அவ்வளவுதான்," என்றாள் கமலாதேவி. கந்தோரில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

அந்த வருடம் வெங்காயம் நன்றாக விளைந்தது. நாலு பரப்பிலும் பாத்திக்குப் பாத்தி கொள்ளாத கிழங்கு. சித்திரையில் கிண்டிப் பிடிப்பிடியாகக் கட்டிக் கொட்டிலில் குவித்தார்கள். கொழும்பு லொறி சொன்னபடியே வந்தது. தரகர் ஒருவர் கையில் தாளோடு இறங்கிப் பெயரைக் கூப்பிட்டார். ஒழுங்கையில் எட்டு வீட்டு வெங்காயம் ஏறியது. லொறி கமலாதேவியின் கொட்டிலைத் தாண்டிப் போனது.

அவள் ஓடிப்போய் மறித்தாள்.

"உங்கட பேர் இதிலை இல்லை அம்மா."

"பேர் இல்லாட்டி என்ன, வெங்காயம் இருக்குதே! வந்து பாருங்கோவன்."

"பார்த்து ஏத்த எனக்கு உத்தரவில்லை. தாளிலை இருக்கிறதைத்தான் ஏத்தலாம்."

முந்தியென்றால் றக்ரரில் ஒரு யாவாரி வருவார். பேரம் பேசுவார், சண்டை பிடிப்பார், கடைசியில் ஏற்றிக்கொண்டு போவார். கொம்பியூட்டர் வந்த பிறகு ஒழுங்கையில் அவருக்கு வேலையில்லை. றக்ரரை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய் இருந்துவிட்டார் என்று சொன்னார்கள்.

புருசனும் பெண்சாதியும் சாக்குச் சாக்காகப் பஸ்ஸில் ஏற்றினார்கள். வழியில் ஆமிக்காரரின் சென்றியில் ஒவ்வொரு சாக்கையும் இறக்கிக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். யாழ்ப்பாணச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே வெங்காயம் மலையாகக் கிடந்தது. மூன்று பயணம் போனார்கள். நாலாவது பயணம் போகவில்லை. மிச்சம் கொட்டிலிலேயே முளைத்துப் பச்சைத் தாள் விட்டது. அரியநாயகம் அதை அள்ளி மாட்டுக்குப் போட்டார். ஒரு மாதம் பாலில் வெங்காயம் மணத்தது.

அந்தப் பாலில் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டுதான் கமலாதேவி அந்த முடிவுக்கு வந்தாள்.

"நான் யாழ்ப்பாணத்துப் பெரிய கந்தோருக்குப் போறன்."

"இஞ்சேரும், விடும். வாற முறை பார்ப்பம்," என்றார் அரியநாயகம்.

"நீங்கள் விட்டு விட்டுத்தானே நான் கடலிலை காணாமப் போனனான்?"

ஒரு சின்னச் சாக்கில் தோட்டத்து மண் எடுத்தாள். ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீர் எடுத்தாள். திட்டத்துக்குப் பொறுப்பான நிமலன் என்ற இளம் அதிகாரியின் மேசையில் இரண்டையும் வைத்தாள்.

"சேர், இது கடல் மண்ணோ எண்டு தொட்டுப் பாருங்கோ. இது கடல் தண்ணியோ எண்டு குடிச்சுப் பாருங்கோ."

நிமலன் பண்பான ஆள். தொட்டும் பார்த்தான், குடித்தும் பார்த்தான். இரண்டாம் முறையும் குடித்தான்.

"அம்மா, வேலணையிலை இப்பிடித் தண்ணி இருக்குதோ!"

"என்ரை கிணத்திலை இருக்குது."

"றோட்டுக்குக் கிட்டவோ?"

"றோட்டிலை நிண்டு கல்லெறிஞ்சாக் கிணத்துக்கை விழும்," என்றாள் கமலாதேவி பெருமையாக.

அடுத்த கிழமையே நிமலன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் சின்னதாக ஒரு கருவி. அது வானத்தில் சுற்றுகிற செய்மதியோடு கதைக்குமாம். காணியின் நாலு மூலையிலும் நின்று எண் எடுத்தான். பிறகு கிணற்றுக் கட்டின் மேல் நின்று எடுத்தான். கொப்பியில் எழுதியதை அவளுக்கு வாசித்தும் காட்டினான்: "விவசாய நிலம். நல்ல தண்ணீர்க் கிணறு. வருடம் முழுக்க வற்றாது. வீதியிலிருந்து நாற்பது மீற்றர்."

"இந்த எண்ணைத்தானே போன வருசமும் எடுத்திருக்கு. முதல் எழுதின கொப்பியிலை சரியாத்தான் இருக்குது," என்று அவன் தனக்குத்தானே முணுமுணுத்தான். "அடிச்ச இடத்திலைதான் பிழை."

"அந்தப் பிள்ளைதான். எத்தினை தரம் சொன்னனான்! வேலைக்குக் கள்ளம், சேர்."

பிறகு ஒருநாள் திருத்திய பத்திரத்தை வாங்கக் கந்தோருக்குப் போனபோது றொஷானி மேசை லாச்சியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சீப்பு, ஒரு செபமாலை, ஒரு தண்ணீர்ப் போத்தல். எல்லாம் ஒரு சொப்பிங் பையில் அடங்கியது. அவளுக்குப் பதிலாக இன்னொருவர் கதிரையில் இருந்தார்.

கமலாதேவிக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி அவள் கேட்கவில்லை. ஆனால் கேட்கவில்லையென்று இப்போது சொல்லவும் வாய் வரவில்லை.

றொஷானி அவளைக் கடந்து போகும்போது நின்றாள். "அக்கா, உங்கட கிணத்துத் தண்ணி நல்லதெண்டு அவருக்குச் சொன்னனீங்களே?"

"சொல்லாம? குடிக்கவும் குடுத்தனான்."

றொஷானி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துப் பக்கம் நடந்தாள்.

பத்திரம் கண்ணாடித் தாளுக்குள் வைத்து ஒட்டிக் கொடுக்கப்பட்டிருந்தது. அதில் சின்னதாகத் தீவின் படம். பச்சைக்கு நடுவில், வீதிக்குப் பக்கத்தில், அவளுடைய புள்ளி. கமலாதேவி அதைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினாள். "ஒன்பது மாசம் அலைஞ்சனான். விட்டனானே?" என்றாள். அரியநாயகம்கூட ஒருதரம் துணியால் அதைத் துடைத்தார்.

தை பிறக்க நட்டார்கள். லொறிப் பட்டியலில் அவளுடைய பெயர் முதலாவதாக வந்தது. கமலாதேவி அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்று இரண்டு பாத்திக்கு மேலதிகமாகத் தண்ணீர் விட்டாள்.

ஆனால் நாடு அதற்குள் பழைய சண்டை முகத்தைக் காட்டத் தொடங்கியிருந்தது. சென்றிகள் கூடின. பின்னேரத்தோடு ஒழுங்கைகள் வெறுமையாகின. மாசி மாதம் ஒரு காலை தோட்டத்து வாசலில் ஒரு வாகனம் நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். அளக்கும் நாடா, சுத்தியல், ஒரு கட்டு முளைக்கட்டைகள். சாதாரண உடுப்புப் போட்ட ஒருவர் தமிழ் கதைத்தார். மரியாதையாகத்தான் கதைத்தார்.

"இது அரியநாயகம் கமலாதேவியின்ரை காணிதானே?"

"ஓம். ஏன்?"

"இதிலை ஒரு ஆமி முகாம் வருது. கன பேர் இருப்பினம், தண்ணி வேணும்."

"நான் வெங்காயம் நட்டிருக்கிறன். இப்பதான் கிழங்கு வைக்குது."

"மூண்டு நாள் தரலாம். கிண்டுறதைக் கிண்டுங்கோ."

அவர் கையில் ஒரு தாள் இருந்தது. கமலாதேவி எட்டிப் பார்த்தாள். பச்சைத் தீவு. பச்சைக்கு நடுவில் அவளுடைய புள்ளி. அதைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம். கீழே எழுதியிருந்தது: நல்ல தண்ணீர்க் கிணறு. வருடம் முழுக்க வற்றாது. வீதியிலிருந்து நாற்பது மீற்றர்.

அவள் கிணற்றுக் கட்டின் மேல் இருந்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்துக் கந்தோருக்குப் போனாள். பூட்டியிருந்தது. வெளிநாட்டுக்காரர் திட்டத்தை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள், நிமலனும் கொழும்புக்குப் போய்விட்டான் என்று காவலாளி சொன்னான். கொம்பியூட்டரில் இருந்ததெல்லாம் எங்கே என்று கேட்டாள். அதெல்லாம் பிரதி எடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாயிற்று என்றான்.

விதானையாரிடம் போனாள்.

"ஐயா, அது கடலெண்டு ஒரு கடிதம் தாங்கோ."

விதானையார் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, கடலில்லையெண்டு எழுதிக் கையெழுத்து வைச்சு முத்திரையும் குத்தினவன் நான். இனிக் கடலெண்டு என்னெண்டு எழுதுறது?"

சுருவில் கரைக்குப் போனாள். இம்முறை மூக்கைப் பொத்தவில்லை. பஸ்ரியாம்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டார்.

"மீன் படுது எண்டு வேணுமெண்டா எழுதித் தாறன் தங்கச்சி," என்றார் கடைசியில். "சுறா படுதெண்டும் எழுதலாம். ஆனா அவங்கள் கடிதம் வாசிச்சுக் காணி எடுக்கிற ஆக்களில்லை."

மூன்றாம் நாள் இளம் வெங்காயத்தைக் கிண்டினார்கள். கிழங்கு புளியங்கொட்டை அளவு. நாலாம் நாள் முட்கம்பி வந்தது. கமலாதேவி கேட்டதற்காக ஒரு சலுகை கிடைத்தது: காலையில் கம்பிக்கு வெளியே நின்றால் உள்ளேயிருந்து இரண்டு வாளி தண்ணீர் தருவார்கள். முதல் நாள் தன் கிணற்றுத் தண்ணீரைத் தானே வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வந்தாள். குசினியில் வாளியை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அரியநாயகம் வந்து பக்கத்தில் இருந்தார். அன்று அவர் பகிடி ஒன்றும் விடவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

ஒரு கிழமைக்குப் பிறகு அவள் ஊர்காவற்றுறைக்குப் பஸ் ஏறினாள். விசாரித்து விசாரித்து இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருந்த நண்டுக் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். றொஷானி குந்தியிருந்து நண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பெரியது ஒரு கூடை, சின்னது ஒரு கூடை. பத்து விரலிலும் கீறல்.

"அக்கா," என்று எழும்பினாள். கையைத் துடைக்க ஒன்றும் அகப்படவில்லை.

கமலாதேவி நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்க நேரமெடுத்தது. றொஷானி தெரிந்த கதையைக் கேட்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"பிள்ளை, உம்மடை வேலை போனதுக்கு நான்தான் காரணம். மன்னிப்புக் கேக்க வந்தனான். இன்னொண்டும் கேக்க வந்தனான். உமக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் அந்தக் கொம்பியூட்டரோடை இப்ப இருக்கினமே? ஒருக்கா அதைக் கடலெண்டு மாத்திவிட ஏலாதோ? முந்தி நீர் தவறுதலாப் போட்ட மாதிரி."

றொஷானி கொட்டிலின் வாசலைப் பார்த்தாள். வாசலில் ஒருவரும் இல்லை. பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

"அக்கா, நான் வேலைக்குச் சேர்ந்த மாசமே ஆமி முகாமிலை இருந்து ஒராள் கந்தோருக்கு வந்தவர். றோட்டுக்குக் கிட்ட நல்ல தண்ணிக் கிணறு இருக்கிற காணியெல்லாம் அடிச்சுத் தாங்கோ எண்டு நிண்டவர். தீவு முழுக்க ஏழு காணி வந்துது. ஏழையும் நான் கடலுக்கை போட்டிட்டன்."

றொஷானி பழையபடி குந்தியிருந்து ஒரு நண்டைக் கையில் எடுத்தாள்.

"மற்ற ஆறு பேரும் இண்டைக்கும் கடலுக்கைதான் அக்கா வெங்காயம் நடுகினம்."